செல்வராணிக்கு ஏன் மருந்து இல்லை

இரண்டு இளையவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காசநோய்ப் பிரிவில் நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்க்கிறவர்கள். எந்த மருந்துக்கும் மசியாத காசநோயைக்கூட மாத்திரையாலேயே தீர்க்கிற காலத்தில் வேலைக்கு வந்தவர்கள். ஊசி குத்திக் குத்திக் கல்லாகிப்போன இடுப்பை அவர்கள் தொட்டுப் பார்த்ததில்லை. நர்சுகள் சங்கத்து வெளியீட்டுக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும், படித்தால் உற்சாகமாக இருக்கவேண்டும் என்றார்கள். கிளம்பும்போது அவர்களில் ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். மருந்து எல்லோருக்கும் போதாத காலத்தில் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பதை எப்படி முடிவு செய்தீர்கள் மேடம்? பயிற்சி வகுப்பில் ஒரு நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பாடமாம். முன்னுரிமை என்று அதற்குப் பெயராம்.

நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. எங்கேயோ முடிவு செய்து எங்களிடம் அனுப்பினார்கள். அதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட எங்களில் பலருக்கு அனுமதி இருக்கவில்லை. உற்சாகமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் கௌதமி. புளியந்தோப்பில் பிறந்தேன். அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் புத்தர் படம் மட்டும்தான் இருக்கும், என் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். நர்சிங் படித்தேன், பொது வார்டில் பல வருடங்கள் இருந்தேன், பிரசவ வார்டில் சில வருடங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் காசநோய்க்குப் புதிய திட்டம் வந்தபோது ராயபுரத்தில் ஒரு மையத்துக்கு என்னை மாற்றினார்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் பார்க்கிற வேலையைத்தான் நானும் பார்த்தேன்.

அந்தப் புதிய திட்டத்தை நான் நேசித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ வந்த நாள் முதலே குறை சொல்லிக்கொண்டிருந்தவள் என்று நினைப்பீர்கள்.

பழைய முறையில் ஒரு மாதம் மருந்து வரும், அடுத்த மாதம் வராது. நோயாளி இரண்டு மாதம் விழுங்குவார், மூன்றாவது மாதம் வெறுங்கையோடு திரும்பிப் போவார். புதிய முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டைப்பெட்டி. முழுச் சிகிச்சைக்கான மருந்தும் அதற்குள் இருக்கும். நோயாளியை உட்காரவைத்து அவர் கண்ணெதிரில் பெட்டியின் மேல் அவர் பெயரை எழுதுவேன். "இது உங்க பெட்டி. இதுலேர்ந்து வேற யாருக்கும் எடுத்துக் குடுக்க மாட்டோம்" என்று சொல்வேன். கொடவுனில் மூட்டை தூக்குகிறவர்கள், எண்ணூர் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள், திருவொற்றியூர் பட்டறைகளில் தற்காலிகக் கூலிகள். தங்கள் பெயர் போட்ட ஒரு பொருள் அரசாங்க அலமாரியில் இருக்கிறது என்பதை அவர்களில் பலரால் நம்ப முடியாது. விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவேண்டும், என் எதிரில் தண்ணீர் குடித்து விழுங்கவேண்டும். வராவிட்டால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். மாடி ஏறி, சந்து நுழைந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்துச் சட்டைப் பொத்தான் இறுக்கமாகிப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மையத்தின் தலைமை டாக்டர் கோமதிநாயகம். தென்காசிப் பக்கத்துக்காரர். அவரைப் போல் சுத்தமாக வேலை பார்த்த டாக்டரை நான் பார்த்ததில்லை. வந்ததும் எல்லா ஜன்னலையும் அவரே திறப்பார். காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வந்து நோயாளியைத் தாண்டி ஜன்னல் வழியே வெளியேறும்படி மேசையைப் போட்டிருப்பார். மதியம் கடல்காற்று எழுந்ததும் மேசையைத் திருப்பிப் போடச் சொல்வார். தனக்காக மட்டுமில்லை, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்காகவும். சளி எடுக்க நோயாளியை வெளியே திறந்த இடத்துக்கு அனுப்பி, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமச் சொல்லிக்கொடுப்பார். எச்சில் வந்தால் திருப்பி அனுப்புவார். குரலை உயர்த்தவே மாட்டார். எவ்வளவு அழுக்குச் சட்டையோடு வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். நோயைப் பற்றிச் சொல்லும்போது பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுவார். அந்தப் பேனா மூடுகிற சத்தத்துக்கே நோயாளிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு வகை நோயாளியிடம் மட்டும் அவர் பேனாவை மூடமாட்டார். எழுதிக்கொண்டே பேசுவார். அது எந்த வகை என்று எனக்குப் புரிய நாளானது.

செல்வராணி வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். புருஷன் விட்டுப் போய்விட்டான். தங்கை அமுதாவோடு ஒரே அறையில் இருந்தாள். அமுதா பாத்திரக் கடையில் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் வேறு யாரும் இல்லை.

முதல் பெட்டியை ஒரு வேளை தவறாமல் விழுங்கிவந்தாள். கொட்டகையில் கூலியை வெட்டினாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து நிற்பாள். ஐந்தாவது மாதம் சளியைச் சோதித்தபோது கிருமி அப்படியே இருந்தது. விதிப்படி இரண்டாவது பெட்டி ஆரம்பித்தோம். அதில் ஊசியும் உண்டு. தலை சுற்றி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எட்டு மாதம் கழித்து மறுபடி சோதனை. லேப் டெக்னீஷியன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து என்னிடம் மூன்று விரலைக் காட்டினார். மூன்று ப்ளஸ். கிருமி ஆரம்பத்தில் இருந்ததைவிட அதிகம். நகரத்தில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்குச் சளியை அனுப்பினோம். முக்கியமான இரண்டு மருந்துக்கும் அவள் கிருமி மசியாது என்று பதில் வந்தது.

அன்றைக்கு டாக்டர் பேனாவை மூடவில்லை.

மாத்திரை ஒன்று எழுதித் தருவதாகவும், பால் முட்டை சேர்த்துக்கொண்டு ஓய்வாக இருக்கவேண்டும் என்றும் எழுதிக்கொண்டே சொன்னார். அந்த ஒற்றை மாத்திரை அவள் கிருமி ஏற்கெனவே மதிக்காத மருந்து. ஒப்புக்குக் கொடுப்பது. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. பெட்டி எங்கே என்று கேட்டாள். இனிமேல் பெட்டி கிடையாது, மாத்திரை மட்டும்தான் என்றார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவள் போனதும் நான் கேட்டேன். இதற்கு வேறு மருந்து இருக்கிறதே டாக்டர், ஏன் நம்மிடம் இல்லை? அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"அந்த மருந்து நம்ம திட்டத்துல கிடையாது கௌதமி. ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் அதைக் குடுக்கிற செலவுல புதுசா வர்ற எத்தனையோ பேரைக் குணப்படுத்திரலாம். அவங்க குணமானா பரவுறதும் நிக்கும். உலக அளவுல உக்காந்து போட்ட கணக்கு இது. இதைத் தப்புன்னு உங்களால சொல்ல முடியுமா?"

என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டிகளால் பிழைத்தவர்களை நான்தானே பார்த்திருந்தேன். பணம் ஒரு அளவுதான் இருக்கிறது, எல்லோருக்கும் எல்லாம் கொடுக்க முடியாது என்பது புளியந்தோப்பில் பிறந்தவளுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டிய விஷயமில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கணக்கு அவ்வளவு சரியென்றால் அதை அவளிடம் ஏன் சொல்லவில்லை? முட்டை சாப்பிடு என்று ஏன் சொன்னோம்?

அதே சமயத்தில் அருளப்பன் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வண்ணாரப்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம். அவருக்கும் அதே மாதிரிக் கிருமி. டாக்டர் மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுத்தார், அவர் வெளியே வாங்கிக்கொண்டார். சோதனைக்கு மட்டும் எங்களிடம் வருவார். மாதாமாதம் தேறிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் செல்வராணிக்கு ஆப்பிள் கொண்டுவந்து கொடுப்பார். அவர் பிழைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவள் கண் இருக்கிறவள். ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

"அந்த அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வியாதின்னு அவரே சொன்னாரு. அவரு தேறிட்டாரு. எனுக்கு இன்னா சிஸ்டர் கொறச்சல்? நான் ஒரு தபாகூட மருந்த உடலியே."

டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். மருந்து வரும், பொறுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த மாதமும் கேட்டாள். அதே பதில். எந்த மருந்தும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் தனியாகப் போய், அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் நொடிந்துவிடுவாள் என்றார். சொல்லாததால் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? மருந்து வரும் என்று நம்பி அவள் அதே கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதே அறையில், ஜன்னல் இல்லாத அறையில், தங்கையின் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள்.

அப்போதுதான் மேலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. டில்லியிலிருந்து அதிகாரிகள், வெளிநாட்டிலிருந்து சில நிபுணர்கள். சிறப்பாக நடக்கும் மையம் என்று எங்களுடையதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தோம், பெட்டிகளைத் தூசி தட்டி வரிசையாக அடுக்கினோம். முந்தின நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மருந்து வேலை செய்யாத பழைய நோயாளிகளைப் புதன்கிழமை வரவேண்டாம், வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்.

வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்கு வந்த கோபங்களில் அதுதான் பெரியது. மருந்து இல்லை என்பது ஒன்று. ஆளே இல்லை என்று காட்டுவது வேறு.

சொல்லச் சொன்னதைப் போய்ச் சொன்னேன். வியாசர்பாடியில் மாடி ஏறி, புதன்கிழமை வரவேண்டாமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். மருந்து விஷயமாக முடிவு செய்கிறவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப புதன்கிழமதான் வரணும்" என்றாள்.

வந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அமுதாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரத்து நாற்காலியில், டாக்டர் பழக்கியிருந்த இடத்தில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழு உள்ளே வந்துவிட்டிருந்தது.

வெளிநாட்டுக்காரர்களில் நரைத்த தலையுள்ள ஒரு பெண் டாக்டர் இருந்தார். நோயாளிகளோடு பேச ஆசைப்பட்டார். நேராகச் செல்வராணியிடம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் டாக்டர் அதைத் தமிழில் சொன்னார்.

"எனுக்கு ரெண்டு பொட்டி மருந்து குட்த்தாங்க, அல்லாத்தையும் துன்னுட்டேன், போவல. இதுக்கு வேற மருந்து கீதாம். எனுக்கு ஏன் அது இல்லன்னு அந்தம்மாகிட்ட கேளுங்க" என்றாள் செல்வராணி.

டாக்டர் அதை ஆங்கிலத்தில் ஒழுங்காகவே கேட்டார். அந்த அம்மாளும் ஒழுங்காகவே பதில் சொன்னார். நீளமாக, அவசரப்படாமல், செல்வராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முடித்ததும் டாக்டர் தமிழுக்குத் திரும்பினார்.

"மருந்து வந்துக்கிட்டிருக்காம். கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்றாங்க. நல்லா சாப்பிடணுமாம்."

செல்வராணி என் பக்கம் திரும்பினாள்.

"அந்தம்மா அவ்ளோ நேரம் பேசிச்சு. இவரு ரெண்டே வார்த்தைல முடிச்சிட்டாரு. நீ சொல்லு சிஸ்டர். அது இன்னா சொல்லிச்சு?"

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆனால் அந்த அம்மாள் சொன்னது புரிந்திருந்தது. சொன்னேன். மருந்து வந்துகொண்டிருப்பதாக அவர் சொல்லவில்லை. அந்த மருந்தின் விலை ரொம்ப அதிகம். உங்கள் ஒருவருக்கு ஆகிற செலவில் புதிதாக வருகிற நிறையப் பேரைக் குணப்படுத்த முடியும். இருக்கிற பணம் கொஞ்சம், அதனால் முதலில் அவர்களுக்கு என்று தீர்மானித்திருக்கிறார்கள். இப்போதைக்கு உங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதாம்.

அமுதா அழ ஆரம்பித்தாள். செல்வராணி அழவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"அப்ப என்னைக் கழிச்சி உட்டாச்சி. சரி. யாரு குந்திகினு இத்த முடிவு பண்ணது? எங்க ஆளு யாரனா அங்க இருந்தாங்களா? வெல ஜாஸ்தின்றீங்களே, விக்கிறவன்கிட்ட போயி கொறைச்சுக் குடுறான்னு ஒரு தபாவாச்சும் கேட்டீங்களா?"

அந்த அம்மாள், என்ன சொல்கிறார் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. நோயாளி சோர்ந்துவிட்டார் என்றோ என்னவோ சொல்லி, எழுந்து, லேப் பக்கம் கையைக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் வார்த்தைகளைக் கோத்து முடிப்பதற்குள் குழு நகர்ந்துவிட்டது. அந்த அம்மாள் மட்டும் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் பேச்சில் ஊர் வாடை ஏறியதைக் கேட்டேன்.

"என்ன செய்யச் சொல்லுதீங்க கௌதமி? என்கிட்ட மருந்து இருந்து நான் ஒளிச்சு வச்சிருக்கனா? நம்பிக்கையாவது இருக்கட்டும்னு நெனச்சேன். அதையும் பிடுங்கிப் போட்டுட்டீங்க."

"அது நம்பிக்கை இல்ல டாக்டர்" என்றேன். "அவங்களுக்கு மருந்து இல்லன்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்னு அவங்க யோசிப்பாங்க. இத்தனை மாசமா அதைக்கூட நாம யோசிக்க விடல."

அவர் ஜன்னலைச் சாத்தத் தொடங்கினார். நான் வெளியே வந்தேன். மாதம் முடிவதற்குள் வள்ளூர்ப் பக்கம் ஒரு துணை மையத்துக்கு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னல் கம்பியில் படியும் ஊர். காலையில் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். உத்தரவில் நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தது. காரணத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு அரசாங்கத்தில் அப்படி ஒரு சொல் உண்டு.

செல்வராணியை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடிக்குப் போவேன். உண்மை தெரிந்தால் நொடிந்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னார் அல்லவா? மறுநாளே அவள் இறால் கொட்டகை வேலையை விட்டாள். வேறு இடத்தில் போய் இருக்கும்படி அமுதாவிடம் சண்டை போட்டாள். அமுதா போகவில்லை. அப்புறம் அவர்கள் பகுதிக் கால்பந்து கிளப்புக்குப் போனாள். வியாசர்பாடியில் கிளப் என்றால் பந்து மட்டும் இல்லை. சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அங்கேதான் போய் நிற்பார்கள். அந்த வருடப் போட்டியில் வசூலானதை யாருக்காவது உதவக் கொடுப்பது வழக்கம். தன் மருந்துக்குக் கேட்டாள்.

அதே சமயத்தில் கிளப்பின் பழைய கோல்கீப்பர் மோகனும் கேட்டிருந்தார். துறைமுகத்தில் சரக்கு சரிந்து கால் நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், வேலைக்குப் போகலாம்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். மைதானத்து ஓரத்தில் தரையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மோகனைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள், செல்வராணி தன் மூச்சு யார்மேலும் படாதபடி காற்று போகிற பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள். கிளப் தலைவர் டேவிட் என்கிற பெரியவர், பழைய குத்துச்சண்டைக்காரர், முதலில் அவளைப் பேசச் சொன்னார். பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பிறகு மோகன் பேசினார். பிறகு டேவிட் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"தோ பாரு ராணி. உன் மருந்து ரெண்டு வருஷம் துன்னணும். எங்களால ரெண்டு மூணு மாசம்தான் வாங்கித் தர முடியும். பாதில உட்டா இன்னும் மோசமாவும்னு சிஸ்டர் சொல்லுது. மோகனுக்கு ஒரே தபாதான். நாங்க அவனுக்குத் தர்லாம்னு நெனைக்கிறோம். உனுக்கு இது தப்புன்னு பட்டா சொல்லு, திரும்பப் பேசலாம்."

அவள் ஏதேதோ கேட்டாள். அடுத்த வருடமும் வசூல் வராதா, மற்ற கிளப்புகளைக் கேட்க முடியாதா? கேட்டுப் பார்த்தோம், அவ்வளவு திரளாது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். கடைசியில் தலையை ஆட்டினாள். மோகனுக்கே கொடுங்கள், எனக்கு மாடியில் தகரம் போட்டு ஒரு அறை மட்டும் கட்டிக் கொடுங்கள், தங்கச்சியோடு ஒரே அறையில் படுக்க முடியாது என்றாள். அந்த வாரமே கட்டினார்கள். மூன்று பக்கமும் காற்று வரும்படி கட்டினார்கள்.

அங்கேயும் அவளுக்கு இல்லை என்றுதான் முடிவானது. அந்த அறையைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது இதைப் பற்றி நானே கேட்டேன். என்னைவிட அவள் அமைதியாக இருந்தாள்.

"இவங்க என்னைக் குந்தவெச்சிப் பேசினாங்க சிஸ்டர். நான் கேட்டதுக்கு பதில் சொன்னாங்க. அது போதும்."

மருந்து எல்லோருக்கும் போதாது என்றால் அதை எப்படிப் பங்கிடவேண்டும் என்று எனக்கு யாராவது பாடம் நடத்தியிருந்தால், அது அந்த மைதானத்தில் நடந்ததுதான். உலகம் முழுக்க உள்ள படித்தவர்களால் கூடி உட்கார்ந்தும் அதைச் செய்ய முடியவில்லை.

அந்தத் தகர அறையில் அவள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்தாள். கடைசி வாரங்களில் ரத்தமாக இருமினாள். சென்னையைத் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திரும்பி வரவில்லை. ராயபுரம் மையத்தின் அறிக்கையில் அவள் சாவு எந்தக் கட்டத்திலும் விழவில்லை. சிகிச்சையில் இருக்கிறவர் செத்தால்தான் அது சாவு. அவள்தான் சிகிச்சையிலேயே இல்லையே.

சில வருடங்கள் போயின. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அமுதா இருமிக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். அக்காவிடமிருந்து வந்த அதே கிருமி, அதே இரண்டு மருந்துக்கும் மசியாதது. டாக்டர் எனக்கு விளக்கிய கணக்கில் இவளை யாரும் சேர்க்கவில்லை. செல்வராணிக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததில் இவளும் ஒரு செலவு என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. அந்த மருந்துகள் திட்டத்துக்குள் வந்துவிட்டிருந்தன. பெயர் எழுதிய பெட்டி அமுதாவுக்குக் கிடைத்தது. தினமும் ஊசி, கைநிறைய மாத்திரை, இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு நாள் ராயபுரம் ரயில் நிலையத்தில் டாக்டர் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு அவராகவே எழுந்து வந்தார். அமுதாவைப் பற்றிச் சொன்னேன். தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினார்.

"பல நாடு சேர்ந்து மொத்தமா வாங்க ஆரம்பிச்சதும் அந்த மருந்து விலை எறங்கிருச்சு, தெரியுமா" என்றார். "நாங்க எல்லா எண்ணையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தோம். விலையை மட்டும் அப்படியே வச்சிக்கிட்டோம். அதைக் கேக்கணும்னு யாருக்கும் தோணல."

"செல்வராணிக்குத் தோணிச்சு டாக்டர். உங்க எதிர்ல உக்காந்து கேட்டா. நீங்க அதை அந்த வெளிநாட்டு அம்மாகிட்ட சொல்லல."

அவர் மறுக்கவில்லை. இன்னும் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் ரயில் வந்தது, ஏறிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அதனால் என் கோபம் குறையவும் இல்லை. கெட்டவர்கள் செய்திருந்தால் எங்காவது புகார் எழுதிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர்கள் கூடி, நல்ல நோக்கத்தோடு, கதவைச் சாத்திக்கொண்டு செய்தது இது.

அமுதா பிழைத்தாள். ஊசி அவள் காதைப் பாதி தின்றுவிட்டது. ஆனால் உயிரோடு இருக்கிறாள், பாத்திரக் கடைக்கும் திரும்பிப் போனாள். சிகிச்சை முடிந்த மாதம் அவளையும் இன்னும் சிலரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். பூச்செண்டு கொடுத்து, வரிசையாக நிற்கவைத்து, படம் எடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றவர்கள் நன்றி சொன்னார்கள். காது மந்தமானவர்கள் தங்களை அறியாமல் சத்தமாகப் பேசுவார்கள். மைக் இல்லாமலே அமுதாவின் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"எனுக்குக் குட்த்த மருந்த எங்க அக்காவுக்குக் குடுக்கல. ஏன்னு கேட்டதுக்கு பதிலும் சொல்லல. அத்தயும் எழுதிக்கோங்க."

படத்தை அச்சில் போட்டார்கள். அவள் சொன்னதைப் போடவில்லை.